செண்பகம் வாடுகிறதா? மருந்துக் கடைக்குப் போகுமுன் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

செண்பகம் மஞ்சளடிக்கிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டு ஆண்டுக்கு நான்கைந்து பேராவது எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். வரும்போது கையில் ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு வருவார்கள். இலையை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டில் களைக்கொத்து இருக்கிறதா என்று கேட்பேன். தென்காசிப் பக்கத்தில் இருபது ஆண்டுகளாகச் செண்பகம் வளர்க்கிறேன். இதுவரை ஏழு கன்றுகளைப் பறிகொடுத்திருக்கிறேன். ஏழும் வேரில் போனவை. பூச்சியால் ஒன்றுகூடப் போகவில்லை.

செண்பகம் மலைக்காட்டு மரம். இமயமலையின் கிழக்குச் சரிவுகள், அசாம், மேற்குத் தொடர்ச்சி மலை, பர்மா, தாய்லாந்து, தென்சீனம், அப்பால் சுமத்ரா, ஜாவா என்று ஈரக்காடுகள் உள்ள இடமெல்லாம் முப்பது மீட்டருக்கு மேல் ஓங்கி நிற்கும். குற்றாலத்தில் பேரருவிக்கு மேலே ஏறினால் வரும் செண்பகாதேவி அருவிக்கு இந்த மரம்தான் பெயர் கொடுத்தது. அந்தக் காட்டு மண்ணில் ஒரு கை அள்ளிப் பாருங்கள். பாதி மக்கிய இலை, மீதி பொடிக்கல். சாரல் நாள் முழுக்க நனைத்தாலும் சரிவில் நீர் நிற்காது. ஆனால் மண்ணுக்குள் குளிர்ச்சி மாறாமல் இருக்கும். ஈரம் எப்போதும் உண்டு, தேக்கம் ஒருபோதும் இல்லை. செண்பகத்தின் வேர் பழகியது இதற்குத்தான். கீழே வரப்போகும் கோளாறுகளில் பாதிக்கு மேல், இந்த இரண்டில் ஏதோ ஒன்று தவறிப்போனதன் அடையாளம்.

சமவெளியில் வளராது என்று நான் சொல்லவில்லை. மன்னார்குடிக்குச் செண்பகாரண்யம் என்றே பெயர் உண்டு. திருநாகேசுவரம் கோயிலின் தலமரம் செண்பகம். நீரும் வடிகாலும் சேர்ந்து அமைந்தால் மலை அடையாளத்தை அது பெரிதுபடுத்துவதில்லை.

முதலில்: உங்களிடம் இருப்பது செண்பகம்தானா?

கிண்டலுக்குக் கேட்கவில்லை. செண்பகம், சண்பகம், சம்பங்கி, சம்பா என்று பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. சம்பங்கி கிழங்கிலிருந்து வரும் செடி. வடநாட்டில் சம்பா என்று சொல்லும் மரங்களில் ஒன்று நம் ஈழத்தலரி. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, குடும்பமே வேறு. லாவோஸ் நாட்டின் தேசியப் பூவான சம்பாவும் ஈழத்தலரிதான். நாற்றுப் பண்ணையில் பெயரைச் சொல்லி வாங்கியவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

சோதனை எளிது. ஓர் இலையைக் கிள்ளுங்கள். பால் வடிந்தால் அது செண்பகம் இல்லை. பால் வடியவில்லை என்றால் அடுத்து இளங்கிளையைப் பாருங்கள். ஒவ்வோர் இலை முளைத்த இடத்திலும், கிளையைச் சுற்றி மோதிரம் போட்டாற்போல ஒரு மெல்லிய வடு ஓட வேண்டும். செண்பகத்தின் குருத்து ஓர் உறைக்குள் பொதிந்திருக்கும். இலை விரியும்போது அந்த உறை கழன்று விழுந்துவிடும். அது ஒட்டியிருந்த இடம்தான் இந்த வளையம். ஆலுக்கும் அரசுக்கும்கூட இப்படி வளையம் உண்டு, ஆனால் அவற்றில் பால் இருக்கும். வளையம் இருந்து பால் இல்லாமல், இலை ஓரம் பல் இல்லாமல் வழவழப்பாக இருந்தால் ஏறக்குறைய உறுதி செய்துகொள்ளலாம். இந்த வளையத்தைக் காட்டிக் கொடுத்த தோட்டக்கார அண்ணாச்சி, நகக்கண்ணால் அதைத் தடவிப் பார்த்தே இருட்டில்கூட மரத்தைச் சொல்லிவிடுவார்.

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

எங்கள் பக்கத்தில் வரும் புகார்களில் முதல் இடம் இதற்குத்தான். எந்த இலையில் மஞ்சள் தொடங்கியது என்பதைக் கவனியுங்கள். அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் ஒட்டுமொத்தமாக மஞ்சளித்து உதிர்ந்து, மேலே தளிர் பச்சையாக வந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. என்றும் பச்சையாக இருக்கும் மரமும் பழைய இலையைக் கழிக்கத்தான் செய்யும், பெரும்பாலும் புதுத் தளிர் விடும் சமயத்தில். நுனியில் உள்ள இளம் இலை வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சை வலையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை.

குறை என்றால் மண்ணில் இரும்பு இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பால்தான். மண்ணில் சுண்ணாம்பும் காரமும் ஏறிவிட்டால் அந்த இரும்பு கரையாமல் பூட்டிக்கொள்கிறது. வேர் தொட்டுக்கொண்டிருந்தும் எடுக்க முடியாது. செண்பகத்துக்குச் சற்றே அமிலம் சாய்ந்த மண் வேண்டும். நாம் அதற்குக் கொடுப்பதோ ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர். பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் விடும் அதே நீர் நாள்தோறும் வேரடியில் சுண்ணாம்பைச் சேர்த்துக்கொண்டே போகிறது.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாது. புது வீட்டின் சுற்றுச்சுவரை ஒட்டி நட்ட கன்றுகள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. கட்டுமானத்தின்போது அங்கே கலவை குழைத்திருப்பார்கள். மேலே ஒரு சாண் செம்மண் பரப்பி அழகாக இருக்கும். கீழே தோண்டினால் சிமெண்டுக் கட்டி, செங்கல் தூள், சாந்து. என் சொந்த வீட்டுக் கன்று ஒன்று மூன்று ஆண்டு முழங்கால் உயரத்திலேயே நின்றது. தோண்டியபோது அதன் ஆணிவேர் ஒரு சிமெண்டுப் பாளத்தின் மேல் பட்டு, பக்கவாட்டில் மடங்கி ஓடியிருந்தது.

சோதிக்க, ஒரு பிடி மண்ணை எடுத்துக் காயவைத்து அதன்மேல் சமையல் வினிகரை ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துக் கார அமில நிலையைக் கேளுங்கள்.

உடனடி ஆறுதலுக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) போதும். ஒரு லிட்டர் மழைநீரில் முதலில் 1 கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து, பிறகு 5 கிராம் அன்னபேதியைப் போட்டுக் கரைத்து, வெயில் சாய்ந்த பின் இலையின் இருபுறமும் படும்படி தெளியுங்கள். கரைசலை அன்றே தீர்த்துவிட வேண்டும். துருநிறம் ஏறிவிட்டால் பயன் இல்லை. பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை போதும். வெளிறிய பழைய இலை முழுப் பச்சைக்குத் திரும்பவில்லை என்று வருந்த வேண்டாம். அடுத்து வரும் தளிரில்தான் முடிவு தெரியும். அன்னபேதியை மண்ணில் கொட்டினால் அதுவும் மற்ற இரும்போடு சேர்ந்து பூட்டிக்கொள்ளும். மண்ணில் இடத்தான் வேண்டும் என்றால் இரும்பு பூட்டிக்கொள்ளாமல் கட்டிக் காக்கும் இரும்புச் செலேட் கடையில் கிடைக்கும், அதில் ஈடிடிஎச்ஏ (EDDHA) வகையைக் கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த ஈடிடிஏ (EDTA) வகை கார மண்ணில் நிலைக்காது.

நிரந்தரத் தீர்வு வேரடியில். சிமெண்டுக் கழிவு இருந்தால் அகற்றியே ஆக வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை மக்கிய தொழுவுரம், மரத்தடியில் எப்போதும் ஒரு சாண் கனத்துக்கு இலைச் சருகு மூடாக்கு, முடிந்தவரை மழைநீர். அடுப்புச் சாம்பல், முட்டை ஓடு, சுண்ணாம்பு நீர் ஆகியவற்றைச் செண்பகத்துக்குப் போடவே போடாதீர்கள். அவை காரத்தைக் கூட்டும். சுண்ணாம்பு மிகுந்த சுக்கான் மண் நிலத்தில் நட்டுவிட்டுக் கந்தகத்தூள் போட்டே மண்ணை மாற்றிவிடலாம் என்று நினைப்பது கடலில் பெருங்காயம் கரைப்பதுதான். அப்படிப்பட்ட மண் என்றால் ஒரு பெரிய தொட்டியில் வளர்ப்பதே நல்லது.

வினிகர் நுரைக்கவில்லை, தண்ணீரும் நல்ல தண்ணீர், ஆனாலும் தளிர் மஞ்சள் என்றால் அடுத்த பகுதிக்கு வாருங்கள். நீரில் மூச்சுத் திணறும் வேராலும் இரும்பை எடுக்க முடியாது.

மண் ஈரமாக இருக்கிறது, இலை தொங்கிப்போகிறது

பக்கத்து வீட்டு மதினி மொட்டைமாடியில் நீல டிரம்மில் ஒரு செண்பகம் வைத்திருந்தார். பங்குனி வெயிலில் இலை துவண்டதைப் பார்த்துக் காலையில் ஊற்றிய தண்ணீரை மாலையிலும் ஊற்றினார். மேலும் துவண்டது. நண்பகலிலும் ஊற்றினார். என்னைக் கூப்பிட்டபோது இலைகள் குடை மடக்கியது போலத் தொங்கிக்கொண்டிருந்தன, ஆனால் ஒன்றும் காய்ந்து நொறுங்கவில்லை. டிரம்மைச் சாய்த்துக் கன்றை உருவினோம். சாக்கடை வாடை அடித்தது. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். ஈரமான நூலிலிருந்து உறை கழல்வதுபோல மேல்தோல் என் விரலோடு வந்துவிட்டது. நடுவில் நார் மட்டும் நின்றது. வேரழுகல் என்றால் அதுதான். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். அதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுவோம்.

அந்தக் கன்றின் நடுவில் இன்னொன்றும் இருந்தது, பந்து மாதிரி இறுகிய களிமண். வெளியூரிலிருந்து லாரியில் வரும் ஒட்டுக்கன்றுகள் பலவற்றில் வேரைச் சுற்றிக் களிமண்ணை உருட்டி வைத்திருப்பார்கள், பயணத்தில் காயாமல் இருக்க. அதை அப்படியே லேசான மண்ணுக்குள் வைத்தால் களிமண் தனி உலகமாக நிற்கும். ஊற்றும் நீர் ஒன்று அதற்குள் போகாது, போனால் வெளியே வராது.

சோதிக்கும் முறை: விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். உலர்ந்திருந்தால் சாதாரணத் தாகம், நிறைய ஊற்றுங்கள், சரியாகிவிடும். சொதசொதப்பாக இருந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு, அடியில் உள்ள துளையை முகர்ந்து பாருங்கள். கெட்ட வாடை இல்லை என்றால் வேரைத் தொட வேண்டாம். துளை அடைபட்டிருந்தால் நீக்கி, நிழலில் வைத்து, மண் மேலே உலரும்வரை காத்திருங்கள்.

வாடை அடித்தால் மட்டும் கன்றை வெளியே எடுங்கள். செண்பகத்தின் வேர் தடித்த, சதைப்பற்றான, அதிகம் கிளைக்காத வேர். ஒடிந்தால் எலுமிச்சைபோலச் சட்டென்று புதிதாக முளைத்து வராது. செண்பகம் சேர்ந்த மக்னோலியா குடும்பத்துக்கே இடம் மாற்றுவது பிடிக்காது. களிமண் உருண்டை இருந்தால் பிய்க்காதீர்கள். ஒரு வாளி நீரில் வைத்துத் தானாகக் கரையவிடுங்கள். அழுகிய வேரைச் சுத்தமான கத்தரியால் நல்ல வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டுங்கள். எவ்வளவு வேர் போனதோ அதற்கு ஈடாக இலைகளையும் பாதியாக நறுக்கிவிடுங்கள், இல்லையென்றால் மிச்ச வேரால் தாங்க முடியாது. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு மக்கிய இலையுரம் கலந்து நடுங்கள். லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சி குளோரைடு என்ற தாமிரப் பூஞ்சைக்கொல்லி கலந்து ஒருமுறை வேரடியில் ஊற்றி நிழலில் வையுங்கள். மூன்று வாரம் கழித்து டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சை கலந்த தொழுவுரம் இடலாம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் தாமிர மருந்து அந்த நல்ல பூஞ்சையையும் கொன்றுவிடும்.

மதினியின் கன்று பிழைத்தது. அதேபோல் செய்தும் பிழைக்காதவை என் கணக்கில் பல உண்டு. பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டே இருங்கள். உள்ளே பச்சை தெரியும்வரை நம்பிக்கையை விட வேண்டாம்.

தரையில் நடப்போவதாக இருந்தால் நடுமுன்பே ஒரு சோதனை. ஓர் அடி ஆழக் குழியில் நீரை நிரப்பி இறங்க விடுங்கள், மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை நிரப்பிய நீர் மறுநாள் காலையிலும் நின்றால் அந்த இடம் வேண்டாம். வேறு இடம் இல்லை என்றால் ஒன்றரை அடி மேடு போட்டு அதன்மேல் நடுங்கள்.

இலை ஓரம் கருகுகிறது

நுனியும் ஓரமும் பழுப்பாகி, நடு இலை பச்சையாக இருந்தால் உப்பு அல்லது அனல் காற்று. கோடையில் மேல்காற்று அடிக்கும் பக்கம் மட்டும் கருகினால் காற்றுதான். இளங்கன்றுக்கு ஒரு தென்னங்கீற்றைத் தடுப்பாக நட்டால் போதும். எல்லாப் பக்கமும் கருகினால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். வீணாகப் போகிறதே என்று குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தின் கழிவுநீரைச் செண்பகத்துக்கு ஊற்றுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. தரை கழுவப் பயன்படுத்துங்கள். கழுவாத தென்னை நார்க்கழிவிலும் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே தொட்டியில் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே உப்பு ஏறிய தொட்டி என்றால், அடித்துளையில் தாராளமாக வழியும்வரை நல்ல நீரை ஒரே நேரத்தில் ஊற்றி அலசிவிடுங்கள்.

மரம் கொழுகொழுவென்று நிற்கிறது, பூ மட்டும் இல்லை

விதைக் கன்றா, ஒட்டுக் கன்றா என்பதுதான் முதல் கேள்வி. விதையிலிருந்து வந்த செண்பகம் பூக்க எட்டு, பத்து ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். ஐந்தாம் ஆண்டில் வெட்டிப் போட்டவர்களை எனக்குத் தெரியும், நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. பூக்கும் மரத்தின் கிளையை நாற்றோடு சேர்த்துக் கட்டி நெருக்கு ஒட்டாக எடுத்த கன்று இரண்டு மூன்று ஆண்டிலேயே பூக்கும். சில கன்றுகள் பையிலேயே மொட்டு விடும். அடித்தண்டில் மண்ணுக்கு மேல் ஒரு சாணுக்குள் பாருங்கள். கணுப்போல் வீங்கி, தண்டு சற்றே கோணித் தெரிந்தால் ஒட்டு. அந்த வீக்கத்துக்குக் கீழே முளைக்கும் கிளை, ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் விதைச்செடியுடையது. அதை வளரவிட்டால் சில ஆண்டில் மேலே உள்ள ஒட்டுக்கிளை நசிந்து, நீங்கள் வாங்கிய ஒட்டு ஒரு விதைக்கன்றாக மாறியிருக்கும். முளைக்க முளைக்கக் கிள்ளிவிடுங்கள்.

வயதும் வந்துவிட்டது, ஆனாலும் பூ இல்லை என்றால் வெயிலைப் பாருங்கள். கன்றுப் பருவத்தில் நிழலை விரும்பும் செண்பகம், பூக்கும் வயதில் நேர்வெயில் கேட்கும். காட்டில் அது மற்ற மரங்களின் நிழலில் முளைத்து, அவற்றைத் தாண்டி உயர்ந்து உச்சியில் பூக்கும் மரம். மாடி நிழலில் நிற்கும் செண்பகம் இன்னும் காட்டின் அடியிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு உயரம் தேடும். அடுத்து, யூரியா. புல்தரைக்குப் போடும் யூரியா பக்கத்தில் நிற்கும் செண்பகத்துக்கும் போய்ச்சேரும். பெரிய பெரிய இலையாக விட்டுக்கொண்டு பூவை மறந்துவிடும்.

பிறகு, கத்தரி. இந்த இடத்தில் கொஞ்சம் தாவரவியல் தேவைப்படுகிறது. 1753-இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்த மரத்துக்கு மிச்சேலியா சம்பகா என்று பெயரிட்டார். மிச்சேலி பிளாரன்ஸ் நகரத்துத் தாவரவியலாளர், 1737-இல் மறைந்தவர். சம்பகா நம் நாட்டுச் சொல். மக்னோலியா என்ற பேரினத்தின் பெயரும் மக்னோல் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரை நினைத்து வைத்ததே. மிச்சேலியாவையும் மக்னோலியாவையும் நெடுங்காலம் பிரித்து வைத்த முக்கிய அடையாளம் பூ வரும் இடம். மக்னோலியாவில் பூ கிளையின் நுனியில் வரும். செண்பகத்தில் இலைக்கும் தண்டுக்கும் நடுவே, இலைக்கக்கத்தில் வரும். கூர்ந்து பார்த்தால் அந்தக் கக்கத்தில் ஒரு மிகக் குறுகிய கிளை இருக்கிறது, பூ அதன் நுனியில்தான் நிற்கிறது. மரபணு ஆய்வுகளும் இவை பிரிக்க முடியாத உறவு என்று காட்டியதால் இப்போது பெரும்பாலோர் மக்னோலியா சம்பகா என்றே எழுதுகிறார்கள்.

பெயர் எப்படி மாறினாலும் கத்தரி பிடிப்பவருக்குச் சேதி ஒன்றுதான். புதுக் கிளையில் இலை எத்தனையோ, மொட்டுக்கான இடமும் அத்தனை. பூப்பருவத்துக்கு முன்னால் அழகுக்காக மரத்தைச் சுற்றிலும் உருண்டையாக வெட்டினால் மொட்டு வரவேண்டிய கக்கங்கள் எல்லாம் குப்பைக்குப் போய்விடும். உயரத்தைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் பூ ஓய்ந்தவுடன் வெட்டுங்கள். பூப்பருவம் இடத்துக்கு இடம் மாறுவதால் மாதம் சொல்ல மாட்டேன். உங்கள் மரம் ஓயும் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொட்டு உதிர்கிறது

விழுந்ததைக் கையில் எடுத்துப் பாருங்கள். பட்டுப்போன்ற மென்மயிரோடு, உள்ளே ஒன்றும் இல்லாத பழுப்புத் தொப்பியாக இருந்தால் அது மொட்டே இல்லை. செண்பக மொட்டை மூடியிருக்கும் உறை, பூ விரியுமுன் ஒருபுறம் கிழிந்து கழன்று விழும். அந்த உறைகளைக் கூட்டி அள்ளிவிட்டு, எல்லா மொட்டும் போய்விட்டது என்று கண்கலங்கிய ஒருவரை மரத்தடிக்கு அழைத்துப்போய் அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். மேலே பூ மஞ்சளாக விரிந்திருந்தது.

உள்ளே இதழ்கள் இறுகிய முழு மொட்டு விழுந்தால் தண்ணீர் சீராகப் போகவில்லை. ஊருக்குப் போய்விட்டு ஒரு வாரம் காயவிட்டு, வந்தவுடன் வெள்ளமாக ஊற்றினால் இப்படி நடக்கும். மூடாக்கு இருந்தால் பாதி உதிர்வு குறையும்.

பூ இருக்கிறது, மணம் இல்லை என்ற புகாரும் வருவதுண்டு. பெரும்பாலும் நேரம் கழித்துப் பறிப்பதுதான் காரணம். விரியத் தொடங்கிய பூவை விடியற்காலையில் பறியுங்கள். நண்பகலுக்குள் இதழ் ஓரம் பழுக்கத் தொடங்கிவிடும், கை பட்ட இடமெல்லாம் கறுக்கும்.

இலையைப் புழு தின்கிறது

தலைப்பக்கம் தடித்து, வால்பக்கம் மெலிந்து, பச்சையாக இலை நடுவே அசையாமல் கிடக்கும் ஒரு புழு. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல ஒரு மெல்லிய கொம்பை நீட்டி, ஒரு வாடையைக் கிளப்பும். மருந்தை எடுக்காதீர்கள். அது கறுப்பு இறக்கையில் இளம்பச்சைப் புள்ளிகள் கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. நாலைந்து புழுக்கள் நாலைந்து இலையைத் தின்றுவிட்டுக் கூட்டுப்புழுவாகிவிடும். வளர்ந்த மரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. முழங்கால் உயரக் கன்று என்றால் மட்டும், புழுவை இலையோடு எடுத்துப் பக்கத்தில் உள்ள நெட்டிலிங்க மரத்திலோ சீத்தா மரத்திலோ விடுங்கள். அங்கும் தின்னும்.

ஏன் அங்கும் தின்னும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நெட்டிலிங்கம், சீத்தா, முள்சீத்தா எல்லாம் ஒரு குடும்பம். செண்பகம் வேறு குடும்பம். பார்வைக்கு ஒற்றுமையே இல்லை. ஆனால் தாவரவியலார் இந்த இரண்டு குடும்பங்களையும், சாதிக்காயின் குடும்பத்தையும் மக்னோலியேல்ஸ் என்ற ஒரே வரிசையில் வைக்கிறார்கள். பூக்கும் தாவரங்களில் மிகப் பழைய கிளைகளில் ஒன்று அது, டைனோசர் காலத்தது. அந்த வண்ணத்துப்பூச்சி முட்டையிட இலை தேடும்போது, இலையின் இரசாயனத்தை வைத்து இந்த உறவைக் கண்டுபிடித்துவிடுகிறது. செண்பகப் பூவை ஒருமுறை பிரித்துப் பார்த்தால் அந்தப் பழமை நம் கண்ணுக்கும் தெரியும். புறவிதழ், அகவிதழ் என்ற பிரிவு இல்லை, பன்னிரண்டு பதினைந்து இதழ்களும் ஒரே மாதிரி. நடுவில் ஒரு சிறு தண்டின்மேல் சூலகங்கள் திருகு சுற்றில் அடுக்கியிருக்கும். மலர்கள் இப்படித்தான் தொடங்கின என்று சொல்லும் அமைப்பு. இந்தக் குடும்பத்துப் பூக்களுக்கு மகரந்தம் சுமப்பவை பெரும்பாலும் வண்டுகள். தேனீக்கள் பெருகுமுன்பே தொடங்கிய உறவு அது. ஆகவே கண்ட பூச்சிக்கெல்லாம் இந்த மரத்தில் மருந்தடிப்பதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

இலையில் கரி பூசினாற்போல் கறுப்பு, மரமெல்லாம் எறும்பு

கறுப்பு நோயில்லை. இலையின் அடியிலும் இளங்கிளையிலும் பழுப்புப் பொட்டுகளாக ஒட்டியிருக்கும் செதில் பூச்சியோ, பஞ்சுபோன்ற மாவுப்பூச்சியோ சாற்றை உறிஞ்சி இனிப்பு நீரைக் கழிக்கும். அதன்மேல் வளர்வதுதான் கரும்பூசணம். எறும்பு அந்த இனிப்புக்காகப் பூச்சியைக் காவல் காக்கிறது. பழைய பல்துலக்கியால் செதிலைத் தேய்த்து உதிர்த்து, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளியுங்கள். பத்து நாளில் மறுமுறை. கறுப்பை நீக்க, லிட்டருக்கு 50 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து வடிகட்டித் தெளித்தால், வெயிலில் காய்ந்து ஏடாக உரியும்போது பூசணத்தையும் கூட்டிக்கொண்டு வரும். எறும்பு ஏறும் வழியை அடைக்காமல் இதெல்லாம் செய்தால் ஒரு மாதத்தில் பழைய நிலைதான்.

பட்டையில் வெண்பச்சைத் திட்டுகள் இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், அவை பாசிக்காளான், மரத்துக்குத் தீங்கில்லை. கரையான் மண்பூச்சுக்குள் இருந்து காய்ந்த மேற்பட்டையைத்தான் தின்கிறது, துடைத்துவிட்டால் போதும்.

கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வருகிறது

பூப்பறித்த விதம் காரணமாக இருக்கலாம். செண்பகக் கிளை முறியும் தன்மை கொண்டது. துறட்டியால் இழுத்து ஒடித்த இடம் நாராகக் கிழிந்து நிற்கும். மழை நீர் அதில் இறங்கி, பூசணம் தொற்றி, காய்வது உள்நோக்கிப் போகும். பச்சை தெரியும் இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் காப்பர் ஆக்சி குளோரைடைக் குழைத்துப் பூசுங்கள். ஏணி போட்டுப் பறியுங்கள். ஒரே பக்கக் கிளைகள் எல்லாம் சேர்ந்து காய்ந்தால் அந்தப் பக்கத்து வேரைத் தோண்டிப் பாருங்கள். குழாய் பதிக்க யாராவது பள்ளம் வெட்டியிருப்பார்கள்.

விதை போட்டேன், முளைக்கவில்லை

வெள்ளைச் செண்பகம் என்றால் விதையே எதிர்பார்க்காதீர்கள். அது இரண்டு இனங்களின் கலப்பு, காய் பிடிப்பதில்லை. ஒட்டோ, மரத்திலேயே கிளையில் வேர்விடச் செய்யும் விண்பதியமோதான் வழி.

மஞ்சள் செண்பகத்தில் பூ உதிர்ந்த காம்பில் சொரசொரப்பான காய்கள் திராட்சைக் கொத்துப்போல் தொங்கும். முற்றியதும் வெடித்து, சிவந்த விதைகள் வெளியே தெரியும். அந்தச் சிவப்பு விதையின் நிறம் இல்லை, மேலே உள்ள எண்ணெய்ச் சதை. பறவைக்காக மரம் வைத்த கூலி அது. சதையோடு புதைத்தால் எறும்பு தூக்கிப் போகும், அல்லது அழுகும். ஒரு நாள் நீரில் ஊறவைத்து, மணலோடு சேர்த்துக் கையில் தேய்த்தால் சதை போய்க் கறுத்த விதை வரும். அதைக் காயவைத்துப் பொட்டலம் கட்டி வைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. செண்பக விதைக்கு உலர்ச்சி ஆகாது. எடுத்த வாரத்திலேயே ஊன்ற வேண்டும். கடையில் பொட்டலத்தில் வரும் விதையை நான் வாங்குவதே இல்லை.

அரை அங்குல ஆழம், மணல் கலந்த இலையுரம், நல்ல நிழல், கை வைத்தால் குளிரும் அளவுக்கு ஈரம். மேலே கம்பிவலை போட்டு மூடுங்கள், அணில் விடாது. ஊன்றிய தேதியை ஒரு குச்சியில் எழுதி நட்டு வையுங்கள். ஒரு மாதம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லை என்று தொட்டியைக் கொட்டிவிட்டு வேறு செடி வைத்துவிடுவார்கள். போன முறை நான் ஊன்றிய இருபது விதைகளில் முதல் முளை எட்டிப்பார்த்தது நாற்பத்தொன்றாம் நாள். கடைசி முளை வரும்போது முதல் கன்றில் மூன்று இலை இருந்தது.